ஸ்லோன் கடிதங்கள்: பதில் முன்னால் நிற்கிறது, கேள்வி பின்னால் வருகிறது. தேதியை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி:
வணக்கம். லண்டன் மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன் (1660–1753) சேர்த்த பொருள்கள்தான் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அடித்தளம். அவருடைய கடிதப் போக்குவரத்து பிரிட்டிஷ் நூலகத்தில் ஸ்லோன் கையெழுத்துப் படிகள் 4036 முதல் 4069 வரை உள்ள தொகுதிகளில் இருக்கிறது. அதில் ஒரு பகுதியைப் படங்களிலிருந்து படித்து எக்செலில் பட்டியலிடுகிறேன். தேதிவாரியாக அடுக்கினால் எல்லாம் கலைந்துபோகிறது. பாரிஸ் கடிதத்துக்கான பதில், அந்தக் கடிதத்துக்கு ஓராண்டு முன்பே எழுதியதாக வந்து நிற்கிறது. சில இடங்களில் '1698/9' என்று இரண்டு ஆண்டு. இரண்டு வாரமாகத் திணறுகிறேன், யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் 1:
தம்பி, முதலில் எக்செல். 1900க்கு முந்தைய தேதி அதற்குத் தேதியே இல்லை, வெறும் எழுத்து. 1722-03-08 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுத்தாகவே வையுங்கள். அடுக்கினால் சரியாக வரும்.

பதில் 2:
அது பாதிதான். மீதி, நாட்காட்டியில் இருக்கிறது. அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை எழுதியதில் பழைய ஆண்டே இருக்கும். குழப்பம் வேண்டாம் என்று கவனமானவர்கள் '1698/9' என்று எழுதினார்கள். நம் கணக்கில் அது 1699.

இதோடு பழைய ஜூலியன் நாட்காட்டியும் சேர்கிறது. இங்கிலாந்து அதிலிருந்து இன்றைய கிரிகோரியன் நாட்காட்டிக்கு 1752 செப்டம்பரில்தான் மாறியது: 2ஆம் தேதிக்கு மறுநாள் 14. பிரான்ஸ் 1582லேயே மாறிவிட்டது. 1700 பிப்ரவரி வரை 10 நாள், அதற்குப் பின் 11 நாள் வித்தியாசம். உதாரணத்துக்கு, பாரிசில் 1722 மார்ச் 2 என்று எழுதிய கடிதத்துக்கு லண்டனில் 1721 மார்ச் 8 என்று பதில் எழுதினால், அது உண்மையில் 1722 மார்ச் 19. பதினேழு நாளில் வந்த பதில். உங்கள் பட்டியலில் அதுதான் ஓராண்டு முந்துகிறது.

தயவுசெய்து மூலத் தேதியைத் திருத்தாதீர்கள். கடிதத்தில் இருப்பது ஒரு நிரலில், நீங்கள் கணித்தது இன்னொன்றில், எழுதிய ஊர் மூன்றாவதில். எந்த நாட்காட்டி என்பதை முடிவு செய்வது ஊர்தான். சூரிக் 1701இல் மாறியது. ஸ்காட்லாந்தில் 1600 முதலே ஜனவரி 1 புத்தாண்டு, ஆனால் நாள் கணக்கு ஜூலியன்தான்.

கேட்டவர்:
மிக்க நன்றி அக்கா! இரண்டு சந்தேகம். மாதத்தின் இடத்தில் '9பெர்' (9ber) என்று இருப்பதை செப்டம்பர் என்று போட்டுவிட்டேன், சரியா? ஊரும் தேதியும் இல்லாத கடிதத்தை என்ன செய்வது?

பதில் 2:
தவறு, அது நவம்பர். லத்தீனில் நவம்பர் என்ற பெயரிலேயே ஒன்பது இருக்கிறது. 7பெர் செப்டம்பர், 8பெர் அக்டோபர், எக்ஸ்பெர் (ரோமன் எண்ணில் X பத்து) டிசம்பர். உடனே அத்தனையையும் மீண்டும் பாருங்கள்.

தேதி இல்லாததற்கு, கடிதத்தை மடித்து முகவரி எழுதிய பக்கத்தின் படத்தைத் திறங்கள். லண்டன் தபால் நிலையம் 1661 முதல் மாதத்தையும் நாளையும் சிறு வட்ட முத்திரையாகக் குத்தியது. ஆண்டு இருக்காது, ஆனாலும் பெரிய பிடி.

பதில் 3:
சென்னையிலிருந்து போனவை இருந்தால் கவனியுங்கள். புனித ஜார்ஜ் கோட்டை மருத்துவர் சாமுவேல் பிரவுன் 1690களில் நம் ஊர்ச் செடிகளை லண்டனில் செடிகளைச் சேகரித்த மருந்து வணிகர் ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பினார். பெட்டிவர் 1718இல் இறந்ததும் அவர் சேகரிப்பை ஸ்லோன் வாங்கினார். கும்பெனிக்காரர்கள் எழுதியதால் தேதி லண்டன் கணக்குத்தான். அவற்றில் 'மலபார் பெயர்' என்று இருப்பது பெரும்பாலும் நம் தமிழ்ப் பெயர். ஆங்கில எழுத்தில் உருக்குலைந்து தெரிகிறதென்று பிழையாக நினைத்துத் திருத்திவிடாதீர்கள். முந்நூறு ஆண்டுக்கு முன் ஒருவர் வாயால் சொல்லிக் காதால் கேட்ட ஒலி அது.

கேட்டவர்:
மூன்று நிரலாகப் பிரித்துவிட்டேன். பாரிஸ் கடிதம் முன்னால், பதில் பின்னால். 9பெர் மட்டும் நாற்பதுக்கு மேல் இருக்கிறது, இன்றிரவு உட்கார்ந்து மாற்றுகிறேன்.