மறு: கிராஸ் பிரவுசர் கம்பாட்டிபிலிட்டி – ‘பல்லுலாவி இணக்கம்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். ஒரே வலைப்பக்கம் பல உலாவிகளிலும் (பிரவுசர்களிலும்) சரியாக வேலை செய்வதைக் குறிக்கும் ‘கிராஸ் பிரவுசர் கம்பாட்டிபிலிட்டி’க்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு வந்த ஒரு பரிந்துரை இது:

> ‘குறுக்கு உலாவி ஒத்திசைவு’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, இதில் ‘உலாவி’ மட்டும் எனக்கு உடன்பாடு. இங்கே எதுவும் குறுக்கே போகவில்லை. குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி எனப் பலவற்றிலும் என்பதுதான் பொருள். பல்லூடகம், பல்லுயிர் என்று சொல்லிப் பழகிய வாய்க்குப் ‘பல்லுலாவி’ தானாக வரும்.

‘ஒத்திசைவு’தான் என்னை உறுத்துகிறது. போனையும் கணினியையும் சிங்க் செய்வதற்கு (இரண்டிலும் ஒரே தகவல் இருக்கச் செய்வதற்கு) அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். அதைவிட, எல்லா உலாவியிலும் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரிவது நாம் தேடுவதே அல்ல. யாங்கோனில் எங்கள் கோயில் திருவிழாவுக்கு ஒரு பக்கம் செய்தேன். பூஜை நேரங்களை ஃபிளெக்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியின் ஓர் அடுக்கு முறை) வரிசையாக அடுக்கி, இடைவெளிக்கு ‘கேப்’ போட்டிருந்தேன். என் குரோமில் பளிச்சென்று இருந்தது. சித்தியின் பழைய ஐபோனில் பார்த்தால் ‘காலை 6.00காலை 8.30’ என்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஃபிளெக்ஸுக்குள் கேப் சஃபாரிக்கு 2021 ஏப்ரலில்தான் வந்தது. ‘இந்த வசதி தெரியுமா?’ என்று உலாவியைக் கேட்கும் சிஎஸ்எஸ்ஸின் ‘சப்போர்ட்ஸ்’ விதியை வைத்துச் சோதிக்கவும் வழியில்லை: கிரிட் என்ற இன்னோர் அடுக்கு முறையில் கேப் முன்பே இருந்ததால் அந்தப் பழைய சஃபாரி ‘தெரியும்’ என்றே பதில் சொல்லும்! கடைசியில் கேப்பை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் வெளியே இடம்விடும் மார்ஜின் போட்டேன். இப்போதும் சித்தி போனில் எழுத்து சற்றுத் தடிப்பாகத்தான் தெரிகிறது. இருக்கட்டும், நேரம் படிக்க முடிகிறதே. அண்ணன் தம்பி இணங்கிப் போக இருவருக்கும் ஒரே முகம் வேண்டுமா என்ன? அதனால்தான் ‘இணக்கம்’ என்கிறேன்.

‘உலாவி’யை விட்டுவிட்டு வெறும் ‘இணக்கம்’ என்று சுருக்கவும் வேண்டாம். அதே பக்கத்தின் பர்மியப் பகுதி சில போன்களில் எழுத்து குழம்பித் தெரிந்தது. அதையும் ‘பிரவுசர் கோளாறு’ என்றே சொன்னார்கள். உலாவி மேல் தப்பே இல்லை. ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவும் உலகப் பொதுக் குறியாக்கமான யூனிகோடும் ஒரே குறியெண்ணை வெவ்வேறு எழுத்துக்குக் கொடுத்ததன் விளைவு அது. 2019 அக்டோபர் 1 அன்று மியன்மர் யூனிகோடுக்கு மாறத் தொடங்கியது, ஆனால் பழைய போன்கள் கையைவிட்டுப் போகவில்லை. யூனிகோடுக்கு முன் இருந்த தமிழ்க் குறியாக்கங்களான டிஸ்கி, டாப் காலத்தில் அடிபட்ட உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதற்குக் ‘குறியாக்க இணக்கம்’ என்று தனியே வைப்போம். கோளாறு எங்கே இருக்கிறது என்று சொல்லிலேயே தெரிய வேண்டும்.

வினையாகவும் இது எளிதாக ஓடுகிறது. ‘இந்தச் சிஎஸ்எஸ் பண்பு சஃபாரியில் இணங்குமா?’ என்று கூட வேலை செய்யும் பையனிடம் நேற்றுக் கேட்டேன். விளக்கம் கேட்காமல் போனை எடுத்துச் சோதித்தான்.

அன்புடன்,
யாங்கோனிலிருந்து