ஒன்யாத்தே சிலைகளை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

செம்மண்:

பத்து வருடத்துக்கு மேலாகியும் இது என்னை விடவில்லை, அதனால் எழுதுகிறேன். 2014 கோடை. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில், எஸ்பன்யோலாவுக்கு வடக்கே, அல்கால்டேயில், ஹுவான் டி ஒன்யாத்தேயின் குதிரைச் சிலை அப்போது இருந்தது. 1598-ல் ஸ்பானியக் குடியேறிகளை அங்கே அழைத்து வந்தவர் அவர். கால் அறுபட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் குடியேற்றத்தின் 400-வது ஆண்டு விழா நெருங்கியபோது, 1997 முடிவில், யாரோ இரவோடு இரவாக அந்தச் சிலையின் வலது பாதத்தை அறுத்துக்கொண்டு போனார்கள். ஆக்கோமாவின் சகோதர சகோதரிகளுக்காகச் செய்தோம் என்று பத்திரிகைக்குத் தகவல் அனுப்பினார்கள். ஆக்கோமா அங்குள்ள ஒரு பூர்வகுடி ஊர். 1599-ல் அதன் ஆண்கள் சிலரின் பாதத்தை வெட்டத் தீர்ப்பளித்தவர் ஒன்யாத்தே. சிற்பி புதுப் பாதம் வார்த்துப் பொருத்தினார்.

எனக்கு அன்று இது எதுவும் தெரியாது. உடன் வேலை பார்த்த ஒருவர் தன் காரில் தாவோஸுக்கு அழைத்துப் போனார். அவர் அங்குள்ள பூயப்லோ என்ற பூர்வகுடி மக்களில் ஒருவர். வழியில் சிலையைக் கண்டதும் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். "நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். ஒரு படம் எடுத்துத் தாருங்கள் என்று கைப்பேசியை நீட்டினேன். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார். நான் கைப்பேசியைக் கல் ஒன்றில் சாய்த்து வைத்து, சிலைக்கு முன்னால் நின்று, சிரித்தபடி எடுத்துக்கொண்டேன்.

தாவோஸ் போய்ச் சேரும்வரை அவர் வழக்கம்போலப் பேசிக்கொண்டுதான் வந்தார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை.

எல் பாசோ அம்மா:

செம்மண், நீங்கள் தெரியாமல் செய்ததுதானே. என்னுடையது வேறு மாதிரி.

டெக்சாஸில் எங்கள் ஊர் எல் பாசோவின் விமான நிலைய நுழைவில் நிற்பதும் அதே ஒன்யாத்தேதான். 36 அடி உயர வெண்கலம், முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரை. எதிர்ப்பு எழுந்தபோது, 2003-ல், நகரசபை சிலையைக் கைவிடவில்லை. பெயரை மட்டும் 'குதிரை வீரர்' என்று மாற்றிவிட்டது. அம்மாவை அழைத்துவரப் போன ஒரு மாலையில், பின் இருக்கையிலிருந்து என் மகள் அது யார் என்று கேட்டாள். குதிரை வீரர் என்றேன். "அது அவர் செய்கிற வேலை. அவர் பெயர் என்ன?" என்றாள். சிக்னல் மாறிவிட்டது, நான் பதில் சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது ஒரு நகரசபைக்குத் தெரியவில்லையே என்று இன்றும் ஆறவில்லை.

ஆனாலும் ஒன்று. சிற்பி ஜான் ஹவுசர் இதில் ஆண்டுக்கணக்காக உழைத்தார். அவருடைய தந்தை, அமெரிக்க ஜனாதிபதிகளின் முகங்களைச் செதுக்கிய ரஷ்மோர் மலையில் வேலை செய்தவர். சிலை முடிவதற்குள் ஹவுசருக்குக் கண்பார்வை போய்க்கொண்டிருந்தது. 2007-ல் திறப்பு விழா நடந்தபோது, தன் சிலைக்கு எதிராக மக்கள் நின்றதையும் அவர் சந்திக்க வேண்டியிருந்தது. அவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய வழி:

நான் ஆக்கோமாவுக்கே போயிருக்கிறேன். பாறை மேட்டின் உச்சியில் ஊர். வழிகாட்டியுடன்தான் மேலே விடுவார்கள். வழிகாட்டிப் பெண் தேவாலயத்தைக் காட்டினார், மண்பாண்டங்களைக் காட்டினார், 1599 வந்ததும் நின்றுவிட்டார். தன் காலைக் கீழே பார்த்தார். பிறகு, "இங்கே சரிவு, பார்த்து இறங்குங்கள்" என்றார். அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் செம்மண் எழுதியதில் ஒரு திருத்தம் வேண்டும். பாதம், பாதம் என்று எல்லோரும் சொல்கிறோம். ஆவணங்களில் 'பாத நுனி' என்ற சொல்லும் வருகிறது. வெட்டப்பட்டவை விரல்கள்தான் என்று வாதிடும் வரலாற்றாளர்கள் இருக்கிறார்கள். அதே தீர்ப்பு அந்த ஆண்களுக்கு 20 ஆண்டு அடிமை ஊழியமும் விதித்தது. பாதம் இல்லாதவனை வைத்து யார் வேலை வாங்குவார்கள்? 24 பேருக்கு இந்தத் தண்டனை. கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் சிலையை அறுப்பதற்கு முன் ஆவணத்தைப் படித்திருக்க வேண்டும். 1598 டிசம்பரில் ஒன்யாத்தேயின் உறவுமுறை மருமகன் ஹுவான் டி சால்திவாரும் உடன் சென்ற வீரர்களும் ஆக்கோமாவில் கொல்லப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்குப் பழிவாங்கத்தான் சால்திவாரின் தம்பி விசென்தே படையோடு போனார்.

கல்வெட்டுப் பித்தன்:

பழைய வழி, விரலா பாதமா என்று அளந்துகொண்டிருப்பது எனக்குக் கசக்கிறது. பாதம் என்று வெளிப்படையாகச் சொல்லும் தீர்ப்பு வாசகமும் இருக்கிறது. சரி, விரல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொல்லப்பட்ட நூற்றுக்கணக்கானவர்களுக்கு என்ன கணக்கு? பன்னிரண்டு வயது தாண்டிய பெண்களுக்கும் 20 ஆண்டு ஊழியம். அதற்கும் கீழே இருந்த பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொடுத்தார்கள். ஏறத்தாழ அறுபது சிறுமிகள் மெக்ஸிகோ நகரத்துக்கு அனுப்பப்பட்டார்கள். இதைக் கொடுமை என்று முதலில் சொன்னது இன்றைய போராட்டக்காரர்கள் அல்ல. 1614-ல் ஸ்பானிய அரசின் நீதிமன்றமே அவரைக் குற்றவாளி என்று கண்டு, நியூ மெக்ஸிகோவுக்குள் இனி கால் வைக்கக் கூடாது என்று நிரந்தரமாக நாடுகடத்தியது. அவருடைய அரசனின் நீதிமன்றம் விரட்டிய மனிதருக்கு நாம் ஏன் வெண்கலம் வார்க்கிறோம்?

என் அனுபவம் சிறியது. எல் மோரோ பாறையில் அவருடைய எழுத்தைப் பார்த்தேன். தென்கடலை (பசிபிக்குக்கு அன்றைய பெயர்) கண்டறிந்து திரும்பிய ஒன்யாத்தே 1605 ஏப்ரல் 16 அன்று இவ்வழியே சென்றார் என்று ஸ்பானிய மொழியில் செதுக்கியிருக்கிறது. என் நிழல் அந்த எழுத்தின்மேல் விழுந்தது. ஏனோ சட்டென்று விலகிக்கொண்டேன்.

போக நினைப்பவர்கள் கேளுங்கள். அல்புகர்க்கியிலிருந்து மேற்கே 40-ஆம் நெடுஞ்சாலை, கிராண்ட்ஸ் ஊரில் இறங்கி 53-ஆம் எண் சாலை. காலையிலேயே கிளம்புங்கள், வெயில் சாய்வாக விழும்போதுதான் செதுக்கல் தெளிவாகத் தெரியும், உச்சி வெயிலில் எழுத்து பாறையோடு கரைந்துவிடும். முதலில் அடிவாரத்துக் குளத்தின் ஓரமாகப் பத்து நிமிடம் உட்காருங்கள். அந்தத் தண்ணீர் இல்லையென்றால் யாரும் அங்கே தங்கியிருக்க மாட்டார்கள், எதையும் எழுதியிருக்க மாட்டார்கள். ஒன்யாத்தேயின் வரியை மட்டும் படமெடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். அவருக்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்தவர்கள் செதுக்கிய ஆடுகளும் கை உருவங்களும் அதே பாறையில் இருக்கின்றன. முழங்கால் ஒத்துழைத்தால் உச்சிக்கும் ஏறுங்கள், மேலே ஒரு பழைய ஊரின் சுவர்கள் இருக்கின்றன. தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கையில் கூரான எதுவும் வேண்டாம். 1906-ல் தேசிய நினைவிடமான பாறை அது, இன்று அதில் ஒரு கோடு கிழித்தாலும் குற்றம். அதே நாளில் ஆக்கோமாவையும் முடித்துவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். அந்த ஊருக்கு ஒரு நாள் முழுதாகக் கொடுங்கள்.

வடதிசை:

அல்புகர்க்கி அருங்காட்சியகத்துக்கு வெளியே உள்ளதை யாரும் சொல்லவில்லையே. 1598 குடியேறிகளின் நீண்ட வெண்கல வரிசை: ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், மாட்டுவண்டி, கால்நடை. எல்லோருக்கும் முன்னால் ஒன்யாத்தே நின்றார். 2020 ஜூன் 15 அன்று அங்கே நடந்த போராட்டத்தில் ஒருவர் சுடப்பட்டார். அன்றுதான் அல்கால்டேச் சிலையையும் மாவட்ட நிர்வாகம் இறக்கி எடுத்துச் சென்றது. மறுநாள் இங்கேயும் ஒன்யாத்தேயை மட்டும் பெயர்த்தெடுத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் நான் போனேன். முன்னால் யாரும் இல்லை, பின்னால் இத்தனை பேர் நடந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரு தாயின் முகத்துக்கு நேராக நின்றுவிட்டேன். அவள் எங்கே பார்க்கிறாள் என்று திரும்பிப் பார்த்தால், வெறும் வானம்.

பக்கத்திலேயே சாந்தா கிளாரா பூயப்லோவைச் சேர்ந்த கலைஞர் நோரா நரன்ஹோ மோர்ஸ் அமைத்த மண்சுழல் இருக்கிறது. சிலை கிடையாது. பாதை சுழன்று சுழன்று தரைக்குள் இறங்குகிறது. அடியில் போய் நின்றால் நகரத்தின் இரைச்சல் அடங்கிவிடும். பெரும்பாலானோர் அதைத் தோட்டம் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

செம்மண்:

எல்லோருக்கும் நன்றி. பழைய வழி, விரலோ பாதமோ, அந்த வழிகாட்டி தன் காலைப் பார்த்தாரே, அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நேற்றிரவு அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்தேன். சிலையும் நானும் மட்டும்தான் இருக்கிறோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தபோது, இடது ஓரத்தில் அவருடைய காரின் முன்கண்ணாடி தெரிகிறது. அதற்குள் அவர் முகம் மறுபக்கம் திரும்பியிருக்கிறது.