கிஸ்தி ரசீதைக் காட்டினால் நிலம் வந்துவிடுமா?

பத்திரக்காரன்71:
நேற்று ஒரு யூடியூப் வக்கீல் அடித்துவிடுகிறார்: 12 வருஷம் வரி கட்டினால் நிலம் நம்முடையதாம். கீழே ஒரே கைதட்டல். 30 வருஷம் பத்திரம் எழுதியவனுக்கு வயிறு எரியாதா? சாவர்ணி எதிர் இந்தர் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லியாச்சு. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் ஏறினால் உரிமை வராது, இருக்கிற உரிமை போகவும் போகாது. பெயர் ஏறியவர் வரி கட்டலாம். அவ்வளவுதான்.

தாத்தாகாடு:
அவ்வளவுதானா? எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் 1968 முதல் கிஸ்தி ரசீது சணலில் கோத்துக் கிடக்கிறது. பூச்சி அரித்தது போக மிச்சத்திலும் தாத்தா பெயர் தெரிகிறது. நிலம் எங்களுடையது இல்லை என்றால் அரசாங்கம் எதற்குப் பணம் வாங்கியது?

பத்திரக்காரன்71:
கொடுத்தீர்கள், வாங்கியது. வாடகைக்கு இருப்பவர்கூடத்தான் கரண்டு பில் கட்டுகிறார். வீட்டை எழுதிக் கொடுத்துவிடலாமா?

தாத்தாகாடு:
கரண்டும் கிஸ்தியும் ஒன்றா? எதற்கு வாங்கியது, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

வரப்போரம்:
அண்ணே, அது பஞ்சாப் பக்கத்து வழக்கு. நம்ம ஊருக்குச் செல்லாது.

பத்திரக்காரன்71:
தம்பி, அரசியலமைப்பு 141-வது பிரிவைப் படித்துவிட்டு வாங்க. உச்ச நீதிமன்றம் சொன்னால் எல்லா கோர்ட்டுக்கும் அதுதான் சட்டம். பஞ்சாப் பிடிக்கவில்லையா? 2021, ஜிதேந்திர சிங் வழக்கு, மத்தியப் பிரதேசம். உயிலைக் காட்டிப் பெயர் மாற்றச் சொன்னார். உயிலில் தகராறு என்றால் சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். பெயர் மாற்றமெல்லாம் வரி வசூலுக்குத்தான் என்று அதிலும் இருக்கிறது.

வரப்போரம்:
பஞ்சாப் முடிந்து மத்தியப் பிரதேசமா. அடுத்து காஷ்மீரா?

நிலா_சட்டம்:
"உரிமை" என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்கிறீர்கள். நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்பதற்கு ரசீது ஒரு சான்றாக உதவும். யாருக்குச் சொந்தம் என்பது வேறு கேள்வி. அந்த 12 வருஷம், 1963 காலவரையறைச் சட்டம் 65-வது பிரிவில் வருவது, எதிரிடை அனுபவத்துக்கு. அதற்கும் ரசீது மட்டும் போதாது. சொந்தக்காரருக்கு எதிராக, ஊரறிய, இடைவிடாமல் நிலத்தை வைத்திருந்ததைக் காட்ட வேண்டும்.

பத்திரக்காரன்71:
பாப்பா, முதலிலிருந்து நான் அதைத்தானே சொல்கிறேன்.

நிலா_சட்டம்:
அந்த 12 வருஷம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம், நான் பாப்பா இல்லை.

தாத்தாகாடு:
எதிரிடையா? யாருக்கு எதிராக? அப்படியானால் நாங்கள் அடுத்தவன் நிலத்தில் குந்தியவர்களா? என் தாத்தாவை ஆக்கிரமிப்பாளர் என்கிறீர்களா?

நிலா_சட்டம்:
நான் அப்படிச் சொல்லவே இல்லையே!

பத்திரக்காரன்71:
தாத்தாவை விடுங்க. மூலப் பத்திரம் இருக்கா, இல்லையா? 1882 சொத்து மாற்றச் சட்டம், 54-வது பிரிவு: 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறுமான நிலத்தை விற்றால் பதிவுப் பத்திரம் கட்டாயம். உங்கள் தாத்தா வாங்கினாரா, பங்கில் வந்ததா? மூன்று முறை கேட்டுவிட்டேன்.

தாத்தாகாடு:
ஒரு முறைதான் கேட்டீர்கள். போன பொங்கலுக்கு என் கிணற்றுப் பங்கு விஷயத்தில் தப்பாகச் சொல்லிவிட்டு இன்று வரை ஒப்புக்கொள்ளாத ஆள்தானே நீங்கள்? ஊரில் எல்லோரும் பத்திரம் எழுதினால்தான் உங்கள் வீட்டில் உலை கொதிக்கும். அரசாங்கம் எதற்குப் பணம் வாங்கியது? அதற்கு மட்டும் வாய் திறக்க மாட்டீர்கள்.

பத்திரக்காரன்71:
எழுத்துக்கூலியை இழுக்காதீங்க. கிணற்று விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி, பழைய பதிவைத் தேடிப் பாருங்க.

தாத்தாகாடு:
திங்கட்கிழமை வி.ஏ.ஓ. ஆபீஸில் இந்த வருஷக் கிஸ்தியைக் கட்டப் போகிறேன். ரசீதைப் படம் பிடித்துப் போடுகிறேன்.

பத்திரக்காரன்71:
போடுங்க. பக்கத்திலேயே மூலப் பத்திரத்தையும் போடுங்க.

வரப்போரம்:
காஷ்மீருக்கு இன்னும் பதில் வரவில்லை.