பழைய சங்கிலியை உருக்கிக் கம்மல் செய்ய நல்ல பத்தர் வேண்டும்

வணக்கம் உறவுகளே, மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். வருகிற கல்யாண நாளுக்கு என் மனைவிக்குத் தங்கத்தில் கம்மல் கொடுக்க ஆசை. ஆனால் அது புதிதாகத் தோண்டியெடுத்த தங்கமாக இருக்கக் கூடாது. உலகின் பல இடங்களில் சிறு சுரங்கக்காரர்கள் பாதரசம் கலந்துதான் தங்கத்தைப் பிரிக்கிறார்கள். அது ஆற்றில் இறங்கி, கடலுக்கு வந்து, மீனில் ஏறுகிறது. கடலில் பாசி எடுத்துப் பிழைக்கிற பெண்ணுக்கு அப்படியொரு நகையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கடையில் கேட்டால் ஹால்மார்க்கைக் காட்டுகிறார்கள். அது தூய்மைக்குத்தான் சாட்சி. தங்கம் எந்த மண்ணிலிருந்து வந்தது என்று சொல்லாது. அதனால் அம்மா கொடுத்த அறுந்த சங்கிலியையே உருக்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

ராமநாதபுரம், கீழக்கரை, பரமக்குடி பக்கம் நம் கண் முன்னாலேயே உருக்கிச் செய்துதரும் பத்தர் யாரையாவது தெரியுமா? நகையைப் பற்றவைக்கக் காட்மியம் என்கிற நச்சு உலோகத்தைச் சேர்க்காதவராக இருக்க வேண்டும். அதன் புகை பட்டறையில் உட்கார்ந்திருப்பவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கூலி கூடினாலும் பரவாயில்லை. அப்புறம், சேதாரம் எவ்வளவு வரை நியாயம்? தரம் பார்க்கும் மையம் அருகில் எங்கே இருக்கிறது?

பவளம் பதிக்கலாம் என்று ஒரு தம்பி சொன்னான். வேண்டாம், அதுவும் கடலின் உயிர்தான். நம் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் வெளுத்துப்போவதைப் பார்த்தபின் மனம் ஒப்பவில்லை.

பாசி எடுக்கிற அக்காமாரிடம் ஒரு கேள்வி: கண்ணாடி மாட்டிக் கடலில் முங்குகிறவளுக்கு ஜிமிக்கி சரிப்படுமா, காதோடு ஒட்டிய கம்மல்தான் நல்லதா?