பேட்டரி நிறைந்ததும் சின்னக் காற்றாலை கண்டபடி சுற்றுகிறது. வாலில் எடை கூட்டலாமா?

காவல்கிணறு தோட்டம்:
வணக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே முருங்கைத் தோட்டம். அங்கே 1 கிலோவாட் காற்றாலை போட்டிருக்கிறேன். மூன்று இறக்கை, விட்டம் 2.4 மீட்டர், 48 வோல்ட் ஈய அமில பேட்டரி, சாய்த்து இறக்கக்கூடிய 12 மீட்டர் கோபுரம். சித்திரை வரை ஒரு குறையும் இல்லை. மேல்காற்று பிடித்ததிலிருந்து தொல்லை. பகலில் ஆம்பியர் மீட்டர் 30 வரை ஏறுகிறது. ராத்திரி பேட்டரி நிறைந்து கன்ட்ரோலர் டம்ப் லோடுக்கு (மிச்ச மின்சாரத்தை வாங்கி விசிறியை அடக்கிவைக்கும் ஹீட்டருக்கு) திருப்பியதும் ஹெலிகாப்டர் இறங்குகிற மாதிரி கத்துகிறது, கோபுரத்தில் கை வைத்தால் அதிர்கிறது. பிரேக் சுவிட்ச் போட்டாலும் நிற்கவில்லை. டம்ப் லோடு சின்னது என்று சொல்ல முடியாது, தண்ணீர் டிரம்மில் 1500 வாட் ராடு. வால் ஆடுவதால்தான் இப்படி, இரண்டு கிலோ தகடு வைத்தால் நிலையாக நிற்கும் என்கிறார் வெல்டர். வைக்கலாமா?

உடுமலை சோலார்:
இறக்கையை நுனியில் அரை அடி வெட்டிவிடுங்கள் சார். வேலை முடிந்தது.

கயத்தாறு ஃபிட்டர்:
வெல்டரை நிறுத்துங்கள் அண்ணாச்சி, வெட்டுவதையும் நிறுத்துங்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள், அந்த ராடு எத்தனை வோல்ட்?

காவல்கிணறு தோட்டம்:
230. கடையில் கிடைக்கிற சாதா வெந்நீர் ராடுதான்.

கயத்தாறு ஃபிட்டர்:
அப்படியென்றால் உங்களிடம் டம்ப் லோடே இல்லை. 230 வோல்ட்டில் 1500 வாட் ராடின் மின்தடை சுமார் 35 ஓம். உங்கள் கன்ட்ரோலர் 56 வோல்ட்டில் திருப்புகிறது என்று வைத்துக்கொண்டால், அதில் ஓடுவது 1.6 ஆம்பியர், அதாவது 90 வாட். ஆயிரம் வாட் தரும் விசிறியை 90 வாட் எப்படிப் பிடித்து நிறுத்தும்? இதே ராடுதான் வேண்டுமென்றால் 17 ராடை பேரலலாகப் போட வேண்டும்! சுமார் 2 ஓம் வருகிற மாதிரி 48 வோல்ட் டிசி ராடு வாங்குங்கள், 27, 28 ஆம்பியர் தாங்கும் வயரோடு. தெர்மோஸ்டாட் கூடவே கூடாது. தண்ணீர் சுட்டதும் அது லோடைக் கழற்றிவிடும், விசிறி மறுபடி அவிழ்த்துவிட்ட மாடு. ஏசிக்குச் செய்த தெர்மோஸ்டாட் டிசியில் தீப்பொறி விட்டு ஒட்டிக்கொள்வதும் உண்டு.

அடுத்து வால். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு. முப்பந்தலில் நிற்கிற பெரிய காற்றாலைகள் இறக்கையைத் திருப்பியோ பிரேக் பிடித்தோ தப்பிக்கும், நம்முடையதற்கு வால் ஒன்றுதான் கதி. விசிறி நடுவிலிருந்து சற்றுத் தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கும். காற்று பலத்தால் விசிறி பக்கவாட்டில் ஒதுங்கப் பார்க்கும், சரிந்த கீலில் வால் மேலே ஏறி வழிவிடும். காற்று குறைந்தால் வால் தன் எடையால் இறங்கி விசிறியை நேரே கொண்டுவரும். ஆக, எடை கூடினால் விசிறி இன்னும் பிந்தித்தான் ஒதுங்கும். உங்களுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். ஆயிரம் வாட்டுக்கு 20 ஆம்பியர் அளவில் நிற்க வேண்டிய மெஷின் 30 காட்டுகிறது என்றால் வால் மடங்கவே இல்லை. காற்று தணிந்த நேரம் பார்த்து, பிரேக் போட்டு, கோபுரத்தை இறக்கி வாலைக் கையால் தூக்கிப் பாருங்கள்.

காவல்கிணறு தோட்டம்:
இறக்கினோம். வால் பாதிக்கு மேல் ஏறவில்லை. கீலில் கிரீஸும் செம்மண்ணும் சேர்ந்து கல்லாகிக் கிடந்தது, பின்னில் துரு. தவிர, பொருத்திக் கொடுத்தவர்கள் வால் நுனியில் ஓர் இரும்புப் பட்டையை போல்ட் போட்டு வைத்திருக்கிறார்கள்! மண்ணெண்ணெய் விட்டுச் சுத்தம் செய்து, பின்னைத் தேய்த்து, பட்டையையும் கழற்றிவிட்டேன். நேற்றுக் காற்று நல்ல வேகம், மீட்டர் 21க்கு மேல் போகவில்லை. வால் மடங்குவது கீழிருந்தே தெரிகிறது. ராடு இன்னும் வரவில்லை.

உடுமலை சோலார்:
அப்போ இறக்கையைக் குறைப்பது தப்பா?

கயத்தாறு ஃபிட்டர்:
யோசனை தப்பில்லை, வெட்டுவதுதான் தப்பு. மூன்று இறக்கையின் எடையும் கிராம் கணக்கில் ஒத்துப்போக வேண்டும், நுனியை வாளால் அறுத்தால் அது போச்சு. கணவாய் மாதிரி இடத்துக்கு 2 மீட்டர் விட்டத்தில் தனியாக ஒரு செட் செய்து ஆனி, ஆடிக்கு மாட்டலாம். பரப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் குறையும், கோபுரத்தின் மேல் தள்ளுவிசையும் அதே அளவு குறையும். ஆனால் சுற்று வேகம் கூடும், அதனால் பேலன்ஸ் இன்னும் கச்சிதமாக இருக்க வேண்டும்.

காவல்கிணறு தோட்டம்:
ராடு வரும்வரை ராத்திரிக்கு என்ன செய்ய? பிரேக் போடலாமா?

கயத்தாறு ஃபிட்டர்:
போடலாம், சாயங்காலமே. பிரேக் என்பது ஜெனரேட்டரின் மூன்று ஃபேஸ் வயரையும் ஒன்றோடொன்று ஷார்ட் செய்வதுதானே? மெதுவாகச் சுற்றும்போது போட்டால் விசிறி அப்படியே அடங்கி உட்காரும். முழு வேகத்தில் போட்டால் பிடி போதாது, காயில் சூடாகிப் புகை வரும், உங்களுக்கு நின்று போகாததும் அதனால்தான். சந்தேகமாக இருந்தால் ஒரு காற்று ஓய்ந்து அடுத்தது வருமுன் போடுங்கள். மீட்டரில் 5 ஆம்பியருக்குக் கீழே வந்ததும் கை வையுங்கள். போட்டபின் காயிலிலிருந்து கருகல் வாசம் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.