பழைய ஃபைபர் போட்டுக்குச் செகண்ட் ஹேண்ட் மோட்டார்: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

தாழங்குடா தம்பி:
அண்ணன்மாரே, ஒரு யோசனை வேண்டும். கடலூர் பக்கம் தாழங்குடாவில் எங்கள் போட் சுனாமிக்குப் பிறகு 2005-ல் வந்த 24 அடி ஃபைபர். நண்டு வலை, கவலை மீன் வலை, அவ்வளவுதான். ரொம்ப ஆழம் போவதில்லை. பழைய மோட்டாரின் கியர் பாக்ஸ் போய்விட்டது, அதைச் சரி பண்ணக் கேட்கிற காசில் பாதி மோட்டார் வாங்கிவிடலாம். கைக்கு இரண்டு வந்திருக்கின்றன. கடலூர் முதுநகரில் ஒரு டூ ஸ்ட்ரோக் 9.9 எச்.பி., பத்து வருடம் ஓடியது, "சிலிண்டரைக் கடைந்து போர் போட்டுப் புதுசாட்டம் இருக்கு" என்கிறார்கள். புதுச்சேரிப் பக்கம் ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் 9.9, ஐந்து வருடம்தான், 30 ஆயிரம் கூடுதல் விலை. எதை எடுப்பது?

வீராம்பட்டினம் விசை:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஃபோர் ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக் குடிக்கிற பெட்ரோலுக்கு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும். எரியாத பெட்ரோல் புகையோடு வெளியே போகிறது. கூடுதலாகக் கொடுக்கிற 30 ஆயிரம் எரிபொருளிலேயே திரும்பிவிடும். ஐந்து வருட மோட்டாரை விட்டுவிட்டுப் பத்து வருடத்ததை யார் எடுப்பார்கள்?

முதுநகர் கரைக்காரன்:
கரையில் போட் ஏற்றுகிறவர்கள் எடுப்பார்கள். வீராம்பட்டினம் அண்ணனுக்கு ஆறும் துறைமுகமும் பக்கத்தில் இருக்கின்றன, மோட்டாரைக் கழற்றாமலே கட்டிப்போடுவார். தாழங்குடாவில் அலையில் ஏற்றி இறக்க வேண்டும். தினமும் மோட்டாரைக் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவனுக்கு ஃபோர் ஸ்ட்ரோக்கின் அந்தச் சில கிலோ கூடுதலும் கணக்குதான். அதைவிட முக்கியம், ஃபோர் ஸ்ட்ரோக்கைப் படுக்க வைத்தால் புத்தகத்தில் சொன்ன பக்கமாகத்தான் படுக்க வைக்க வேண்டும். பையன்கள் மணலில் தலைகீழாகப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இன்ஜின் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். மறுநாள் கயிறு இழுத்தால் தோள்பட்டைதான் கழலும்.

வீராம்பட்டினம் விசை:
பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. அதுக்காக ஆயுள் முழுக்கப் புகையைக் குடிக்கணுமா?

முதுநகர் கரைக்காரன்:
சரி, சொல்லிக் கொடுங்கள். 100 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றவும் சொல்லிக் கொடுங்கள். விற்கிறவர் மாற்றினாரா என்று யார் பார்த்தார்கள்? டூ ஸ்ட்ரோக்கில் வால்வு இல்லை, கேம் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை. நடுக்கடலில் நின்றால் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டு வந்துவிடலாம்.

லாங் டெயில் பிரியர்:
இரண்டும் வேண்டாம். போட்டுக்குள்ளே இன்ஜின் வைத்து நீளக் கம்பியில் புரொப்பல்லர் சுற்றுகிற டீசல் லாங் டெயிலுக்கு மாறுங்கள். தமிழ்நாட்டில் மீன்பிடி போட்டுக்கு வரி விலக்கு டீசல் கிடைக்கிறது, பெட்ரோலுக்கு அது இல்லை.

தாழங்குடா தம்பி:
அண்ணே, டீசல் இன்ஜினுக்குப் போட்டில் அடித்தளம் கட்ட வேண்டும், இந்தப் பழைய உடம்பு அதைத் தாங்காது. பெட்ரோலுக்குக் எல்லையில் கன்னியக்கோயில் தாண்டினால் புதுச்சேரி விலை, எங்களுக்கு அது ஒரு ஆறுதல்!

பட்டறை மாமா:
நான் மோட்டார் வேலை செய்கிறவன். தம்பி, இவர்கள் சண்டை முடியாது, முதலில் உன் போட்டைப் பார். அமரத்தில் மோட்டார் மாட்டுகிற பின்பலகைக்கு உள்ளே பிளைவுட்தான் இருக்கும், மேலே ஃபைபர் பூச்சு. கிளாம்ப் ஆணி போட்ட ஓட்டை வழியாக இத்தனை வருடம் தண்ணீர் இறங்கியிருக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிப் பார். டங் என்று கெட்டியாகக் கேட்டால் சரி, பொத் என்று செத்த சத்தம் வந்தால் உள்ளே அழுகியிருக்கிறது. மோட்டாரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது பலகை நெளிகிறதா என்று பார். நெளிந்தால் 30 ஆயிரத்தை முதலில் அங்கே செலவு செய். அந்தப் பலகையில் எதை மாட்டினாலும் ஒருநாள் அலையில் கழன்று விழும்.

அப்புறம் பலகை உயரத்தை அளந்துகொள். ஷாஃப்ட்டில் 15 அங்குலம் உண்டு, 20 அங்குலம் உண்டு. உயரமான பலகையில் குட்டை ஷாஃப்ட் மாட்டினால் புரொப்பல்லர் காற்றைத்தான் கடையும். முதுநகர், புதுச்சேரி எதுவானாலும் இது பொருந்தவில்லை என்றால் பேச்சே வேண்டாம்.

வீராம்பட்டினம் விசை:
சரி மாமா, பலகை நல்லாயிருக்கு என்றே வைத்துக்கொள்வோம். அப்போது எது?

பட்டறை மாமா:
அப்போதும் எந்த மோட்டார் பிழைத்துக் கிடக்கிறதோ அதுதான். விற்கிறவருக்குப் போன் செய்து, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல். போனதும் கவரைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் காலையிலேயே ஓட்டிப் பழக்கி வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்பும் என்பது உனக்குத் தெரியாமல் போகும். கிளம்பியதும் பக்கத்தில் பீய்ச்சுகிற தண்ணீர் கனமாக வர வேண்டும். மூத்திரம் போலச் சொட்டினால் தண்ணீர் இழுக்கிற இம்பெல்லரோ உப்பு அடைப்போ; இம்பெல்லர் சின்ன செலவு, உள்வழியெல்லாம் உப்பு பிடித்திருந்தால் பெரிய செலவு.

கியர் பாக்ஸின் கீழ்த் திருகைக் கொஞ்சம் தளர்த்தி ஆயிலை விரலில் எடு. மோர் நிறத்தில் இருந்தால் சீல் போய்க் கடல்தண்ணீர் உள்ளே போகிறது. உன் பழைய மோட்டாரும் இப்படித்தான் செத்திருக்கும்.

டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் அழுத்தம் அளக்கிற கம்ப்ரஷன் கேஜ் வைத்து இரண்டு சிலிண்டரையும் பார். ஒன்றுக்கும் மற்றதுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் "போர் போட்டது" வாய்ப்பேச்சு. ஆனால் ஒன்று, மண்ணெண்ணெய் மாடலுக்கு இயல்பாகவே கம்ப்ரஷன் குறைவு, பெட்ரோல் மாடலோடு ஒப்பிட்டுப் பயப்படாதே.

முதுநகர் கரைக்காரன்:
மண்ணெண்ணெய் மாடலா என்று கேட்டே ஆக வேண்டும். அதைப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும். சோம்பேறி கையில் இருந்த மோட்டார் என்றால் கார்புரேட்டரைப் பார்த்தாலே தெரியும்.

பட்டறை மாமா:
புதுச்சேரி மோட்டாருக்கு இன்னொன்று கேட்க வேண்டும். 2024 நவம்பர் 30-ல் ஃபெங்கால் புயல் புதுச்சேரி பக்கம்தான் கரையைக் கடந்தது. அப்போது இந்த மோட்டார் எங்கே இருந்தது? கடலில் மூழ்கி எழுந்த மோட்டாரைச் சுத்தம் செய்து பெயிண்ட் அடித்தால் வெளியே பளபளக்கும். ஃப்ளைவீலுக்குக் கீழே காயிலைச் சுற்றி வெள்ளை உப்புப் பொடியும் ஒயர் முனைகளில் பச்சைக் களிம்பும் இருந்தால் கிளம்பி வந்துவிடு. ஐந்து வருடம் என்பதற்கு அங்கே அர்த்தமில்லை. கிளாம்பில் இருக்கிற எண் தகட்டையும் பார். தகடு பெயர்த்திருந்தாலோ ஒரிஜினல் பில் இல்லாவிட்டாலோ, திருட்டு மோட்டார் வம்பு உனக்கு வேண்டாம்.

வீராம்பட்டினம் விசை:
மூழ்கினது என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள் மாமா. எங்கள் பக்கம் எத்தனையோ பேர் புயலுக்கு முன்னாடியே கழற்றி வீட்டில் வைத்துவிட்டார்கள்.

பட்டறை மாமா:
அதற்குத்தான் பார்க்கச் சொல்கிறேன், முடிவு கட்டவில்லை. அவர் வீட்டில் வைத்திருந்தால் நல்ல மோட்டார்தான், ஃபோர் ஸ்ட்ரோக்கையே எடுக்கலாம்.

லாங் டெயில் பிரியர்:
ஏப்ரல் 15-க்கு முன்பே வாங்குங்கள். ஜூன் 14 வரை 61 நாள் தடையில் இழுவைப் படகு கரையில் நிற்கும், ஃபைபர் போட்டுக்கு மவுசு ஏறும், மோட்டார் விலையும் கூடவே ஏறும்.

தாழங்குடா தம்பி:
பலகையைத் தட்டிப் பார்த்தேன். இடது கிளாம்ப் பக்கம் செத்த சத்தம்தான். அப்பாவிடம் சொன்னேன், பலகை வேலைக்கே 20 ஆயிரம் ஆகும் என்கிறார். அப்படியானால் முதுநகர் டூ ஸ்ட்ரோக்தான் கைக்கு எட்டும். நாளைக்குக் காலை வருகிறேன், ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று விற்கிறவரிடம் போனில் சொல்லிவிட்டேன், "எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் வைத்துவிட்டார். கரைக்காரன் அண்ணே, முதுநகரில் கம்ப்ரஷன் கேஜ் யாரிடமாவது இரவல் கிடைக்குமா?

முதுநகர் கரைக்காரன்:
என்னிடமே இருக்கிறது தம்பி. ஆறு மணிக்கு வா, நானும் கூட வருகிறேன்.

வீராம்பட்டினம் விசை:
போய்ப் பாருங்கள். பெட்ரோல் செலவுக் கணக்கை மட்டும் தனியாக எழுதி வையுங்கள் தம்பி, அடுத்த தடைக்காலத்தில் கேட்பேன்.