முதலாளி இல்லாத துருக்கி நாளிதழ் பிர்குன் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

கடல்நண்டு:
துருக்கி அரசியல் பற்றித் தேடினால் பிர்குன் என்ற இடதுசாரி நாளிதழின் பெயர் அடிக்கடி கண்ணில் படுகிறது. 2018இல் ஹுரியத் பத்திரிகையையே அரசுக்கு நெருக்கமான தெமிரோரென் குழுமம் வாங்கிவிட்டது, பெரிய பத்திரிகைகளில் பெரும்பாலானவை இப்போது ஒத்து ஊதுகின்றன. இது மட்டும் எப்படி ஓடுகிறது? கட்சிப் பத்திரிகையா, காசு யார் போடுகிறார்கள்?

பழையபேப்பர்:
கட்சி ஏடு இல்லை. 2004 ஏப்ரலில் இஸ்தான்புல்லில், பெருமுதலாளி யாரும் வேண்டாம் என்று பலர் சேர்ந்து பங்கு போட்டு ஆரம்பித்தார்கள். சுதந்திரம் மற்றும் ஒருமைப்பாட்டுக் கட்சி என்ற இடதுசாரிக் கட்சியின் (2019இல் சோல் கட்சி என்று பெயர் மாற்றிக்கொண்டது) வட்டாரத்தோடு நெருக்கம் உண்டு, அதில் ஒளிவுமறைவும் கிடையாது. அர்மீனியப் பத்திரிகையாளர் ஹ்ராந்த் திங்க் தன் அகோஸ் வார இதழை நடத்திக்கொண்டே இதிலும் பத்தி எழுதினார். 2007 ஜனவரியில் அகோஸ் அலுவலக வாசலிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

மைக்கறை:
காசு விஷயம்தான் சுவாரசியம். அங்கே ஏலம், டெண்டர், நீதிமன்ற அறிவிப்பு மாதிரியான விளம்பரங்களை ஒரு அரசு நிறுவனம்தான் பத்திரிகைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. பிடிக்காத செய்தி வந்தால் இத்தனை நாளுக்கு விளம்பரம் கிடையாது என்று தண்டனை. காகிதம் இறக்குமதி, துருக்கி நாணயமான லிரா விழ விழ அச்சுச் செலவு ஏறும், அந்த நேரம் பார்த்து இதையும் நிறுத்தினால் சின்னப் பத்திரிகை என்னதான் செய்யும்? பிர்குன், எவ்ரென்செல், ஜும்ஹுரியத், சோஸ்ஜு ஆகிய நான்கு நாளிதழ்களும் வழக்குப் போட்டு, இப்படித் தண்டிப்பது கருத்துரிமை மீறல் என்று அரசியலமைப்பு நீதிமன்றத்தில் தீர்ப்பும் வாங்கின. தீர்ப்பு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வந்தது. அதே மாதம் எவ்ரென்செல்லின் விளம்பர உரிமையையே மொத்தமாக ரத்து செய்தார்கள்! வேறென்ன சொல்ல.

கடல்நண்டு:
அடேங்கப்பா. ஆசிரியர்கள் மேலும் வழக்கு உண்டா?

பழையபேப்பர்:
இல்லாமலா? பாரிஷ் இன்ஜே ஆசிரியராக இருந்தபோது ரெஜெப் தய்யிப் எர்தோவானை அவமதித்ததாக வழக்கு. மனுஷன் தன் எதிர்வாதத்தை எழுதிக் கொடுத்தார், பத்திகளின் முதல் எழுத்துகளைக் கோத்தால் 'திருடன் தய்யிப்' என்று வருகிறது. அதற்கும் தனியாக ஒரு வழக்கு, தண்டனை. எனக்கு இந்தக் குசும்பு ரொம்பப் பிடிக்கும், ஆனால் சிரித்துவிட்டுப் போகிற கதை மட்டுமில்லை. அப்போதைய அமைச்சர் பெராத் அல்பைராக்கின் கசிந்த மின்னஞ்சல்கள் தொடர்பாக 2016 டிசம்பரில் பிடிபட்ட பிர்குன் ஊழியர் மாஹிர் கனாத் ஏறக்குறைய ஒரு வருடம் சிறையில் கிடந்தார். 2025 பிப்ரவரியிலும் மூன்று பேரை ராத்திரியில் கூட்டிப்போய் விசாரித்த பிறகு விடுவித்தார்கள், இஸ்தான்புல் தலைமை அரசு வழக்கறிஞரை இன்னொரு பத்திரிகை போய்ச் சந்தித்ததைச் செய்தியாகப் போட்டதற்காக.

மைக்கறை:
படிக்க ஆரம்பித்தால் திமுர் சொய்க்கான் எழுதுவதிலிருந்து தொடங்குங்கள், ஊழல், மாஃபியா விவகாரங்களில் ஆள் கெட்டிக்காரர். தொழிற்சங்கம், வேலைநிறுத்தச் செய்திக்கு என்னைக் கேட்டால் எவ்ரென்செல்தான் ஒரு படி மேல். பிர்குனில் கருத்துப் பத்திகள் கொஞ்சம் ஜாஸ்தி.